குமரி மாவட்டத்தில் ஏ.ஏ. கூட்டம்: தேடுவது முதல் உள்ளே போய் உட்காருவது வரை

குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு மூன்றாவது முறைதான் நான் உள்ளே போனேன். முதல் தடவை கையில் இருந்த முகவரி பழையது. குழு வேறு கட்டடத்துக்கு மாறிப்போயிருந்தது, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை சரியான இடத்துக்கே போனேன். ஆனால் எதிர்ச் சாயாக்கடையில் நின்று, தினத்தந்தியின் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு என்று சொன்னால் பொய். டாஸ்மாக் கடைக்குத்தான் போனேன்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க அதிகம் போனால் ஒரு நாள் ஆகும். பஸ் ஸ்டாப்பில் இருந்து அந்தக் கதவு வரை உள்ள ஐம்பது அடிக்கு எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த ஐம்பது அடிக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். என் பெயரைப் போடவில்லை. பத்திரிகை, வானொலி, சினிமா போன்ற பொது ஊடகங்களில் உறுப்பினர்கள் தங்களை வெளிக்காட்டிக்கொள்வதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு, அவ்வளவுதான்.

ஏ.ஏ. என்றால் என்ன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு மனம் விட்டுப் பேசினால் அன்றைக்கு இருவருமே குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. 1957இல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது.

சேர்வதற்குத் தேவை ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் நகல் கேட்க மாட்டார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும். விருப்பம் உள்ளவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், ஹால் வாடகைக்கும் சாயாவுக்கும் அது போகும். புதிதாக வந்தவர் போட வேண்டியதே இல்லை.

ஏ.ஏ. மறுவாழ்வு மையம் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போனில் 'குடி நிறுத்தம், நாகர்கோவில்' என்று தேடினால் மேலே வந்து நிற்பதில் பாதி, தனியார் மையங்களின் விளம்பரம். அதில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு. மாதம் இவ்வளவு ரூபாய், வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம் என்று யாராவது பேசினால், அது ஏ.ஏ. அல்ல என்று அந்த நொடியே தெரிந்துகொள்ளலாம். அப்படி ஒரு மையத்தில் ஆளைச் சேர்க்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டி வைப்பதை அந்தச் சட்டம் தடை செய்கிறது.

முதலில் உடம்பு

தினமும் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படியானால் கூட்டத்துக்கு முன் டாக்டர். ஆவேசத்தில், கோயிலில் சத்தியம் செய்துவிட்டோ ஜெபக் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டோ ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்த உடம்புக்கு அது ஆபத்து. முதல் நாளிலேயே வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதும் பிதற்றலும் வந்தால், உயிருக்கே ஆபத்து. அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோன வீடுகளும் உண்டு. அந்த நேரத்தில் கூப்பிட வேண்டிய எண் 108.

ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் மனநலப் பிரிவு என்று கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். மனநலப் பிரிவு என்றதும் கூசுகிறவர்கள் உண்டு. எனக்கும் கூசியது. டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். நான் 'எப்பவாவது ஒரு குவார்ட்டர்' என்றேன். அவர் என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப உண்மையைச் சொல்லுங்க" என்றார். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் பி1 எனப்படும் தயமின் சத்தும் சில நாள் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் படுக்கையில் சேர்த்துக்கொள்வார்கள்.

கூட்டத்தைத் தேடுவது

ஏ.ஏ. இந்தியாவின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் மாநிலம், ஊர் வாரியாகத் தேடும் வசதியும் தொடர்பு எண்களும் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நாள் மாறும். என் முதல் தடவைக் கதையைத்தான் மேலே சொன்னேனே.

இன்னொரு வழி, மருத்துவமனை. மனநலப் பிரிவில் இருக்கும் ஆலோசகரிடம் "பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்குது?" என்று கேளுங்கள். அவர்களிடம் சிகிச்சை எடுத்த யாராவது ஒருவர் போய்க்கொண்டிருப்பார்.

மூன்றாவது, கிறிஸ்தவ ஆலயம். நீங்கள் எந்த மதம் என்றாலும் சரி. குறைந்த வாடகைக்கு ஹால் கிடைப்பது பள்ளிக்கூடத்திலும் சர்ச் வளாகத்திலும்தான் என்பதால் கூட்டங்கள் அங்கே அமைவது சகஜம். கத்தோலிக்கப் பங்கு அலுவலகத்திலோ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைப் போதகரிடமோ கேட்டால் தெரிந்திருக்கும். சொந்தப் பங்கில் கேட்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்துப் பங்கில் கேளுங்கள், யார் கேட்டது என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

போனில் பேசுவதே எளிது என்றால் மூன்று எண்கள். 14446 மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண். இவர்கள் ஏ.ஏ. ஆட்கள் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் பேசலாம்.

விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. களியக்காவிளை தாண்டினால் கேரளம். மலையாளம் காதில் ஏறும் என்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கத்துக் கூட்டங்களையும் விசாரிக்கலாம். தெரிந்த முகம் எதிர்ப்படும் பயமும் அங்கே குறைவு.

முதல் போன்

எண் கிடைத்ததும் உடனே கூப்பிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அது அடுத்த மாதம் ஆகும். நிதானமாக இருக்கும் நேரத்தில், காலையில் கூப்பிடுவது நல்லது. என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்காக, கிட்டத்தட்ட நான் பேசியது இதுதான்:

"அண்ணே, ஏ.ஏ. கூட்டம் பத்தி ஒரு ஆள் இந்த நம்பர் தந்தாரு."

"சொல்லுங்க. உங்களுக்கா, வீட்டில வேற யாருக்காவதா?"

"... எனக்குத்தான்."

"நல்லது மக்களே. எங்கேயிருந்து வரணும்? பஸ்ஸிலா, பைக்கிலா?"

'எனக்குத்தான்' என்று சொல்வதற்கு முன் நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ தெரியாது. அவர் காத்திருந்தார். மறுமுனையில் இருப்பவரும் இதே போனை ஒரு நாள் செய்தவர்தான்.

கேட்க வேண்டியவை சில உண்டு. இப்போதும் அதே நாளில், அதே இடத்தில் நடக்கிறதா? கட்டடத்தில் எந்தப் பக்க வாசல், மாடியா கீழா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு மனைவி, மகன், நண்பர் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். பெண்கள் யாராவது வருகிறார்களா என்பதை, நீங்கள் பெண் என்றால் கட்டாயம் கேளுங்கள். கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம்: "என்னைப் பஸ் ஸ்டாப்பில் வந்து கூட்டிட்டுப் போக முடியுமா?" இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பெரும்பாலும் உடனே சரி என்பார்கள். அந்த ஐம்பது அடியை நான் மூன்றாம் தடவை தாண்டியது இப்படித்தான். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் குடையோடு நின்றிருந்தார். நான் சாயாக்கடையைப் பார்த்தேன். அவர் பார்வையும் அங்கேதான் போனது. "அதெல்லாம் பிறகு குடிக்கலாம், உள்ளேயும் சாயா உண்டு. கேறி வா மக்களே" என்றார்.

எந்தக் குழு, எந்த ஊர்

நம் மாவட்டம் சின்னது. ஒரு ஊர் முடியும் இடம் தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடும். தக்கலையில் தும்மினால் திங்கள்நகரில் கேட்கும். 'யாராவது பார்த்துவிட்டால்?' என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதற்கு இரண்டு பதில்.

ஒன்று, நடைமுறை பதில். முதல் சில வாரம் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போங்கள். கருங்கல்காரர் மார்த்தாண்டத்துக்கு, தோவாளைக்காரர் நாகர்கோவிலுக்கு, இப்படி. ஆனால் ரொம்பத் தூரம் வேண்டாம். மழை பெய்தாலும், வேலை முடிந்து களைப்பாக இருந்தாலும் போய்வர முடிகிற தூரம்தான் நிலைக்கும். திரும்பி வரும் பஸ்ஸையும் முன்கூட்டியே பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஜங்ஷனில் நிற்க நேர்ந்தால், பக்கத்தில் என்ன திறந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரை. மாலைக் கூட்டம் விடும் நேரமும் அதற்குள்தான். வழக்கமாகப் போகும் கடையைத் தாண்டாத வழியைத் தேர்ந்தெடுங்கள், ஐந்து ரூபாய் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

இரண்டாவது பதிலை உள்ளே போன பிறகுதான் புரிந்துகொண்டேன். அங்கே என்னைப் பார்க்கிற ஆள் எதற்கு அங்கே வந்திருக்கிறார்? என் பக்கத்து வீதிக்காரர் ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் முகம் வெளுத்தது. பிறகு அவர் சிரித்தார். ஏழு வருடமாக அவர் குடிக்கவில்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கூட்டத்தில் பார்த்தவரை, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அங்கே விதி. தெருவில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கும்

வயிறு காலியாகப் போகாதீர்கள், பசியில் கோபமும் குடி நினைப்பும் சேர்ந்து வரும். அன்று குடிக்காமல் போவதே நல்லது. குடித்துவிட்டீர்களா? அப்படியும் போகலாம். பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள், விரட்ட மாட்டார்கள். கலாட்டா மட்டும் கூடாது.

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில், குடியில் இருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகள் எழுதிய தாள் அல்லது பேனர். பத்துப் பதினைந்து பேர் இருந்தால் நல்ல கூட்டம், ஐந்து பேரோடும் நடக்கும். கொத்தனார், வாத்தியார், ஆட்டோ டிரைவர், ஓய்வுபெற்ற போலீஸ் என்று யார் யாரோ இருப்பார்கள். எல்லாம் முடிய ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒருவர் தலைமை தாங்குவார். கொஞ்சம் வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரை கிடையாது. ஒருவர், மகளின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பட்டுச் சேலையை விற்றுக் குடித்ததை வானிலைச் செய்தி வாசிப்பது போலச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். நான் விற்றது என் அம்மாவின் கம்மல்.

உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லி "இன்னைக்குக் கேட்க வந்தேன்" என்று முடித்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சாயா வந்தது. கட்டன்சாயா, ஸ்டீல் டம்ளரில். எல்லோருக்கும் நிறைய ஊற்றிக்கொண்டு வந்த அந்தக் குடைப் பெரியவர், எனக்கு மட்டும் பாதி ஊற்றிக் கொடுத்தார். புதிதாக வந்தவன் என்று கஞ்சத்தனம் காட்டுகிறார் என்று உள்ளுக்குள் கோபம். வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கை ஆடிய ஆட்டத்தில் பாதி டம்ளர் சாயாவே விளிம்பு வரை வந்தது. நிறைத்திருந்தால் சட்டையெல்லாம் ஆகியிருக்கும். அவர் கவனிக்காதது போல அடுத்தவரிடம் போய்விட்டார்.

கடவுள் பேச்சு வருமே என்று சிலருக்குத் தயக்கம். வரும். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் பன்னிரண்டு படிகளில் இருக்கிறது. சர்ச் ஹாலில் நடந்தாலும் அது சர்ச் கூட்டம் அல்ல. எங்கள் குழுவில் ஒருவருக்கு அது மண்டைக்காட்டு அம்மன், ஒருவருக்கு அல்லாஹ், இன்னொருவர் "எனக்கு இந்தக் குழுதான் சக்தி" என்பார், பழைய தொழிற்சங்கக்காரர்.

மதுவிலக்குப் போராட்டத்துக்குக் கூப்பிடுவார்களோ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2015 ஜூலை 31 அன்று காந்தியவாதி சசிபெருமாள், டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டது நம் மார்த்தாண்டம் பக்கத்து உண்ணாமலைக்கடையில்தான். அந்த நினைவு இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் எந்தப் போராட்டத்துக்கும் போகலாம். ஆனால் ஏ.ஏ. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை, கட்சி இல்லை, கொடி இல்லை. கூட்டத்தில் பேசப்படுவது கடையைப் பற்றியல்ல, கடைக்குப் போகிற காலைப் பற்றி.

முதல் கூட்டத்துக்குப் பிறகு

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நீளமாகப் பேசினார், மின்விசிறி ஓடவில்லை. ஆறு கூட்டமாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள், முடிந்தால் வேறு குழுவையும் பாருங்கள். 'தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம்' என்று ஏ.ஏ.வில் ஒரு பேச்சு உண்டு. நகரங்களுக்கு அது சரி. நம் பக்கத்தில் தினமும் நேரில் போக வாய்ப்புக் கிடைப்பது கஷ்டம். வாரத்துக்கு இரண்டு மூன்று நேரில், மற்ற நாள் இணையவழி என்று கலந்துகொள்ளலாம். தமிழிலேயே ஜூம் கூட்டங்கள் நடக்கின்றன, கேமராவை அணைத்து வைக்கலாம்.

முதல் நாளே இரண்டு மூன்று பேரின் போன் எண்ணை வாங்குங்கள். குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன் கூப்பிடத்தான் அந்த எண். கொஞ்ச நாள் கழித்து, பேச்சு பிடித்த ஒருவரை ஸ்பான்சராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். பன்னிரண்டு படிகளைக் கூட இருந்து நடத்திக் கொடுப்பவர் அவர். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது வழக்கம்.

எல்லா வேலைக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் இருட்டோடு எழுந்து, மதியத்துக்குள் வேலை முடிந்து சும்மா இருப்பவர்கள். அவர்களுக்கு மாலைக் கூட்டத்தை விட மதியம்தான் கண்டம். பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு போன் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். கரை ஏறிப் பங்குப் பணம் கைக்கு வரும் நாள்தான் அவர்களுக்கு ஆபத்து. துறைமுகம் வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் போன் குழுவுக்கு இருக்கட்டும், பணத்தை வீட்டுக்கு அனுப்புவது இரண்டாவது. கொச்சியில் இறங்கினால் அங்கேயும் கூட்டம் தேடலாம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே போகும் நாட்டின் கூட்டங்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, கிறிஸ்துமஸ், கோட்டார் சவேரியார் திருவிழா, கோயில் கொடை இவையெல்லாம் முன்கூட்டியே காலண்டரில் தெரிவதுதானே. அந்த நாட்களுக்கு முன்தினம் ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டால் "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டாரு" என்றால் நம் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

தவறி ஒரு நாள் குடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கே போங்கள். நான் பதினோராவது வாரம் தவறினேன். போக முகமில்லை என்று இருந்தபோது குடைப் பெரியவர் போன் செய்து ஒரே வரி சொன்னார்: "நாற்காலி போட்டாச்சு."

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிக்கிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். அல்-அனான் என்ற குழு, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே 1951இல் தொடங்கப்பட்டது. பக்கத்தில் இல்லாவிட்டால் ஏ.ஏ.வின் திறந்த கூட்டத்துக்குப் போங்கள், இணையவழியும் உண்டு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடியையோ மாத்திரையையோ கலக்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு வலி வந்து, சாகவும் நேரலாம். டாக்டர் கொடுப்பார், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு.

பக்கத்தில் குழுவே இல்லாவிட்டால்

இரண்டு பேர் போதும். 1935இல் ஆக்ரனிலும் இரண்டு பேர்தான். கொஞ்ச நாள் நிதானம் கண்ட ஒருவரும் நீங்களும் சேர்ந்து, பொதுச் சேவை அலுவலகத்துக்குத் தெரிவித்து, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கமாக இருக்கட்டும். பேனர் பிறகு வரும், முதலில் ஒரு சாயாப் பாத்திரம் வாங்குங்கள். சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் வாசலுக்கு வெளியே போய் நில்லுங்கள். எதிர்க்கடையில் யாராவது பேப்பரின் ஒரே பக்கத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.